பெண்களை வாட்டும் லைக்கன் ஸ்கிளீரோசஸ்: கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை ஏன் இன்னும் இல்லை?

ராத்திரி படுத்ததும் தொடங்கும் அரிப்பு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கிரீமைத் தடவினால் நாலு நாள் அடங்கும், அஞ்சாவது நாள் திரும்ப வரும். சுகர் டெஸ்ட் எடுத்தால் நார்மல். வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை, அதற்கும் கேட்காது. "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள்.

இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது தொற்றே இல்லை. பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தோலைத் தாக்கும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற நாள்பட்ட நோய் அது. தைராய்டுக்கு இருப்பதுபோல இதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தால் எவ்வளவு எளிதாக இருக்கும்! அப்படி ஒன்றைத்தான் ஆய்வாளர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடுகிறார்கள். ஏன் இன்னும் சிக்கவில்லை?

லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்றால் என்ன?

உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வரும் அழற்சி என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்களின் கருத்து. இந்த நோய் உள்ள பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி கோளாறால் வரும் தைராய்டு பிரச்சினையும் சேர்ந்து இருப்பது அதிகம். ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்கே கூடுதல். அதிலும் இரண்டு வயதுக் கட்டங்களில் அதிகம் தெரிகிறது: பூப்படைவதற்கு முந்தைய சிறுமிகள், மாதவிடாய் நின்ற பெண்கள்.

தோல் வெளுத்து, சிகரெட் தாள்போல மெலிந்து சுருங்கும். லேசாகச் சொறிந்தாலே வெடிப்பு வரும், ரத்தம் கன்றும். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறப்புறுப்பின் வாய் குறுகும். உடலுறவில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். சிறுமிகளுக்கு மலம் கழிக்கவே பயம் வந்து மலச்சிக்கலாகும். அந்தக் காயங்களைப் பார்த்து, குழந்தைக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று தவறாகச் சந்தேகப்பட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இது தொற்றாது. உடலுறவால் பரவாது. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை.

வெண்புள்ளி என்றும் சிலர் குழப்பிக்கொள்வார்கள். வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும். பொதுவாக அரிப்பும் இருக்காது, தோலின் தன்மையும் மாறாது.

பயோமார்க்கர் என்பது என்ன?

உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்து பார்க்க உதவும் அடையாளம்தான் பயோமார்க்கர். சர்க்கரை நோய்க்கு எச்பிஏ1சி, மாரடைப்புக்கு ட்ரோபோனின் என்றால் பலருக்கும் புரியும். ரத்தத்தில் இருக்கலாம், தோல் துணுக்கில் இருக்கலாம், மரபணுவிலும் இருக்கலாம்.

லைக்கன் ஸ்கிளீரோசஸில் பெரிய நம்பிக்கை தந்தது ஈசிஎம்1 என்ற புரதம். தோலின் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. பிறவியிலேயே இந்தப் புரதத்தின் மரபணு பழுதானால் வேறொரு அரிய தோல் நோய் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் தோலும் லைக்கன் ஸ்கிளீரோசஸ் தோலும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போன ஆய்வுக் குழு, நோயாளிகளின் ரத்தத்தில் ஈசிஎம்1-ஐத் தாக்கும் எதிர்ப்பான்கள் இருப்பதை 2003-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. நோயாளிகளில் சுமார் 74 சதவீதம் பேருக்கு அது இருந்தது. நோய் இல்லாதவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது.

74-க்கும் 7-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கே, அப்புறம் என்ன சிக்கல்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு பொது மகளிர் மருத்துவரின் கிளினிக்கில் 60 பெண்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 1,000 பெண்கள் வந்தால் 17 பேருக்கு நோய் இருக்கும். டெஸ்ட் அதில் சுமார் 13 பேரைப் பிடிக்கும், 4 பேரை விட்டுவிடும். நோய் இல்லாத மீதி 983 பேரில் 7 சதவீதம் என்றால் 69 பேர். அவர்களுக்கும் பாசிட்டிவ் என்றுதான் ரிப்போர்ட் வரும்.

ஆக, பாசிட்டிவ் வந்த 82 பேரில் நிஜமாக நோய் இருப்பது 13 பேருக்குத்தான். மற்ற 69 பேரும் வீணாகப் பயப்பட வேண்டும். டாக்டர் நேரில் பார்த்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடக்கூடிய நோய்க்கு இந்த டெஸ்ட் எதற்கு? இன்னொன்று, இந்த எதிர்ப்பான்கள்தான் நோயை உண்டாக்குகின்றனவா, நோயால் தோல் சிதைந்த பிறகு உருவாகின்றனவா என்பதும் தீரவில்லை.

தேடுவதில் வேறு என்ன சிரமம்?

நோய் இருப்பது சின்ன இடத்தில். அங்கே நடப்பதன் எதிரொலி ரத்தத்துக்கு வரும்போது மங்கிவிடும். தோலிலேயே தேடலாம் என்றால் பயாப்ஸி எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அதே இடத்திலிருந்து நோயில்லாத பெண்களின் தோலும் வேண்டும். யார் மனமுவந்து கொடுப்பார்கள்? மாதவிடாய் நின்றாலே அந்தப் பகுதித் தோல் மாறும் என்பதால், வயதால் வந்தது எது, நோயால் வந்தது எது என்று பிரிப்பதும் கஷ்டம். மைக்ரோ ஆர்என்ஏ-155 என்ற மூலக்கூறு நோயுள்ள தோலில் கூடுதலாக இருப்பதை 2012-ல் கண்டார்கள். ஆனால் அது வேறு பல அழற்சிகளிலும் கூடும்.

சரி, கிடைத்தால் யாருக்கு உதவும்?

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. இந்த நோயை நீண்டகாலம் சிகிச்சையின்றி விட்டால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம். பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் வழியில்லை. பயாப்ஸித் துணுக்கில் பி53 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை அடையாளம் காண அது உதவும். ஆனால் வெறும் அழற்சியிலும் பி53 கூடுதலாகத் தெரியலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. இங்கே நம்பகமான பயோமார்க்கர் கிடைத்தால், யாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கணும், யாருக்கு வருஷம் ஒருமுறை போதும் என்று பிரிக்கலாம்.

அதுவரை?

அதுவரை கையில் இருப்பது சாதாரண ஆயின்மென்ட்தான். க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சொன்னபடி விடாமல் மருந்து போட்ட 357 பேரில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் வரவில்லை. விட்டுவிட்டுப் போட்ட 150 பேரில் 7 பேருக்குப் புற்றுநோயோ அதன் தொடக்க நிலையோ வந்தது. சராசரியாக ஐந்தாண்டுக்கும் சற்றுக் குறைவான கண்காணிப்புதான் என்றாலும் இது பெரிய வித்தியாசம்.

நம்மூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கிரீம்கள் சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடுகின்றன. நாலு நாள் அரிப்பு அடங்குவது அதிலுள்ள ஸ்டீராய்டால்தான். நோய் மறைந்து நிற்குமே தவிர, போகாது. இன்னொரு பக்கம், டாக்டரே க்ளோபெட்டசால் எழுதிக் கொடுத்தாலும், 'தொடை இடுக்கில் தடவ வேண்டாம்' என்ற வாசகத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது பொதுவான எச்சரிக்கை. இந்த நோய்க்கு, டாக்டர் சொன்ன அளவில், அங்கேதான் போட வேண்டும்.

தோல் டாக்டரிடமோ மகளிர் மருத்துவரிடமோ போனால் "கீழ அரிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். (சங்கப் பாடல்களில் கூச்சமில்லாமல் வரும் 'அல்குல்' என்ற சொல்லுக்குப் பொருள் எது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பேச்சுத் தமிழில் நமக்கு மிஞ்சியது 'கீழே' மட்டும்தான்.) எத்தனை மாதமாக, எந்தக் கிரீமெல்லாம் போட்டீர்கள், தோல் வெளுத்திருக்கிறதா, வெடிக்கிறதா என்று சொல்லுங்கள். பார்க்காமலே மருந்து எழுதினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி எடுப்பார்கள், மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான்.

நோய் உறுதியானவர்கள் அரிப்பு நின்ற பிறகும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆறாத புண், புதிதாகத் தடித்த இடம், கட்டி, காரணமில்லாத ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.