மெய்ப்பொருளியலும் இயற்கைக்கு மேலானதும்

எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசல் காடுகளில் ஐப்பசி பிறந்தும் வானம் திறக்காவிட்டால், ஆலயங்களில் மழைக்காக மன்றாடுகிறோம். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்தவர்களுக்கு வேறு போக்கில்லை. மழை பெய்தால் "புதுமை" என்கிறோம். பெய்யாவிட்டால் "நமக்கு விசுவாசம் போதாது" என்று யாராவது சொல்லிவிடுகிறார். கடன் வாங்கி விதைத்தவரின் மனம் அதில் இன்னும் நொந்துபோகிறது. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

மெட்டாபிசிக்ஸ் எனப்படும் மெய்ப்பொருளியல் மாயமந்திரம் பற்றியதன்று. அரிஸ்டாட்டிலின் நூல்களைத் தொகுத்தபோது, இயற்கை பற்றிய நூல்களுக்கு 'அடுத்து வருபவை' என்ற பொருளில் அமைந்த பெயர் அது. ஒன்று 'இருக்கிறது' என்றால் என்ன, ஏன் இருக்கிறது, அதன் முதற்காரணம் எது என்று அறிவைக் கொண்டே ஆராய்வது அதன் வேலை. 1606-இல் மதுரைக்கு வந்து 'தத்துவ போதகர்' என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளார், 'ஆத்தும நிர்ணயம்' என்னும் நூலில் ஆன்மாவைப் பற்றி வாதிட்டது இந்த வழியில்தான். விவிலியத்தை ஏற்காதவரிடம் விவிலியத்தையே சான்றாகக் காட்டிப் பயனில்லையே!

படைப்பைக் கொண்டு கடவுள் உண்டென்பதை அறிவால் உறுதியாக அறியலாம் என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல் அறிக்கையிட்டது. கடவுளில் மறைந்துள்ள மறைபொருள்களையோ அவரே வெளிப்படுத்தினாலன்றி அறிய இயலாது என்றும் அதே சங்கம் கூறியது. இங்கேதான் எல்லைக்கோடு.

இயற்கைக்கு மேலானது என்று திருச்சபை சொல்வது, எந்தப் படைப்பின் இயல்புக்கும் எட்டாத ஒன்றை. பேய் பிசாசை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. வானதூதர்களும் சரி, வீழ்ந்த தூதர்களான அலகைகளும் சரி, உடலற்ற படைப்புகளே. ஆவியாக இருப்பது அவர்களுக்கு இயல்பு. கடவுளின் சொந்த வாழ்வில் நமக்குப் பங்கு தரும் அருள்தான் உண்மையில் இயற்கைக்கு மேலானது. ஓர் ஆன்மாவிலுள்ள அருள் அண்டம் முழுவதின் இயற்கை நன்மையைவிடப் பெரிது என்பது புனித தோமா அக்குவினாஸின் கருத்து. திருமுழுக்குத் தொட்டியருகே குழந்தை அழுகிறது. வேறெதுவும் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் அங்கே நடப்பது அதுவே.

இனி மழைக்கு வருவோம். கடலும் காற்றும் மேகமும் மழையைத் தருவது இயற்கை. அவை ஏன் இருக்கின்றன, எவர் அவற்றை இருப்பில் தாங்குகிறார் என்பது மெய்ப்பொருளியலின் கேள்வி. மன்றாட்டுக்குப் பின் பெய்த மழைக்காக நன்றி சொல்ல, அது புதுமையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. இயற்கைக் காரணங்கள் வழியாகவும் கடவுளே தருகிறார். பெய்யாத ஆண்டிலோ, காய்ந்த புஞ்சையைப் பார்த்துவிட்டு ஞாயிறு திருப்பலிக்கு வந்து நிற்கிறாரே, அவரிடமுள்ள விசுவாசம் இயற்கைக்கு மேலான கொடை. அவரைப் பார்த்து "விசுவாசம் போதாது" என்பது கல்நெஞ்சம் மட்டுமல்ல, இறையியலிலும் பிழை.