தேரைக்கு ஒரு கண்ணாடி வீடு: ஒரு பெட்டியின் வரலாறு



செல்லப்பிராணி என்றதும் பூனையும் கிளியும் மீனும் நம் நினைவுக்கு வரும், தேரை வருவதில்லை. ஆயினும், கண்ணாடித் தொட்டியின் ஒரு பகுதியில் நீரும் மறுபகுதியில் ஈரமண்ணும் செடிகளும் அமைத்து, அதில் தேரை வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. உயிரினம் வாழும் இத்தகைய தொட்டியை விவேரியம் என்பர். நீரும் நிலமும் சேர்ந்து அமைந்தால் அது பாலுடேரியம் எனப்படும். 'பாலுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்பது பொருள்.

அறிவியல் பாடத்திற்காக இத்தொட்டியை அமைக்க விரும்பும் ஆசிரியர்கள் இருக்கலாம். அவர்கள் அதே தொட்டியைக் கொண்டு வரலாற்றையும் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏனெனில் இக்கண்ணாடிப் பெட்டியின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், அது இலண்டன் மாநகரில் தொடங்கி, நம் புக்கிட் காத்தில் வட்டாரத்திற்கு அருகிலுள்ள ஒரு பால்மரத் தோட்டத்தில் வந்து நிற்கின்றது.

கல்லுக்குள் தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று நம் பாட்டிமார் கூறுவர். பாறையைப் பிளந்தால் உள்ளே உயிருள்ள தேரை இருக்கும் என்னும் நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரும் அதனை நெடுங்காலம் நம்பி வந்தனர்.

அந்நம்பிக்கையைச் சோதிக்க முற்பட்டவர் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லண்டு. 1825ஆம் ஆண்டு நவம்பரில் சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும் மணற்கல்லில் 12 குழிகளும் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேரையை வைத்தார். குழிகளின் வாயைக் கண்ணாடித் தகட்டால் மூடி ஒட்டித் தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, இறுகிய மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் இறந்திருந்தன. காற்றுப் புகும் நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகளுள் பல உயிருடன் இருந்தன. அவற்றை மீண்டும் மூடி வைத்தார். இரண்டாம் ஆண்டின் முடிவில் ஒன்றும் எஞ்சவில்லை.

இன்றைய நோக்கில் இது கொடுமையான சோதனையே. எனினும் காற்றும் உணவும் இன்றித் தேரை வாழாது என்பதை அது ஐயமின்றி உணர்த்தியது.

மருத்துவர் வார்டின் புட்டி

இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1829இல், கிழக்கு இலண்டனில் நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர் வேறொரு கண்ணாடிக்குள் வியப்பொன்றைக் கண்டார். அவர் செடிகளின்மீது பெருவிருப்பம் கொண்டவர். ஆயினும் நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் அவர் வளர்த்த பறணிகள் யாவும் மடிந்தன.

ஒருநாள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்துக் கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவர்தம் நோக்கம். ஆனால் பூச்சி வெளிவருமுன் மண்ணில் ஒரு சிறு பறணியும் ஒரு புல்லும் முளைத்தன. தோட்டத்தில் வாழ மறுத்த செடி, மூடிய புட்டியில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தழைத்தது.

பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிறது. கண்ணாடியில் துளிகளாகப் படிகிறது. மீண்டும் மண்ணில் விழுகிறது. நாம் ஆண்டுதோறும் வகுப்பில் படம் வரைந்து விளக்கும் நீரின் சுழற்சிதான் இது. புட்டி புகையைத் தடுத்தது, ஈரத்தைக் காத்தது.

வார்டு இதைப் பெரிய பெட்டியாகச் செய்வித்தார். 1833இல் செடிகள் நிறைந்த இரு பெட்டிகள் இலண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் சென்றன. உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் அதற்குமுன் கப்பலில் ஏற்றப்பட்ட செடிகளுள் பெரும்பாலானவை வழியிலேயே மடிவது வழக்கம். இப்பெட்டிகளில் இருந்தவை நலமே கரையேறின. 1842இல் வார்டு தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிட்டார். 1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் கண்ணாடியின் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறையிலும் பறணிப் பெட்டி இடம்பெற்றது.

மலாக்காவுக்கு வந்த மரம்

வரவேற்பறையில் அழகுப் பொருளாக இருந்த பெட்டி, ஏகாதிபத்தியத்தின் கையில் வலிமைமிக்க கருவியாயிற்று. 1861இல் ஈக்குவடோரிலிருந்து புறப்பட்ட சிங்கோனா நாற்றுகள் இப்பெட்டிகளில் பயணம் செய்து உதகமண்டலத்தை அடைந்தன. மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்து சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்தே கிடைத்தது.

அடுத்து வந்தது இரப்பர். 1876இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் சேர்த்தார். விரைவில் உயிர்ப்பை இழக்கும் அவ்விதைகளுள் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் 38 வார்டு பெட்டிகளில் அடுக்கப்பட்டு, ஒரு தோட்டக்காரரின் பாதுகாப்பில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை உயிருடன் சென்று சேர்ந்தன. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கோலா கங்சாரில் நடப்பட்டன.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் பால் வெட்டும் முறையை உருவாக்கினார். இரப்பர் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளைத் தொடர்ந்து வற்புறுத்தியதால், அவரைப் பித்தர் என்றே பலர் எள்ளினர். அவர் சொல்லைக் கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் இரப்பர் நட்டார். மலாயாவின் வணிக இரப்பர்த் தோட்டங்களுக்கு முன்னோடி அதுவே. பின்னர் புக்கிட் அசாகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பெருந்தோட்டம் அமைத்தார்.

மரம் வந்தபின் பால் வெட்டக் கைகள் தேவைப்பட்டன. கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் சேர்த்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, கப்பல் கட்டணம் அதிலிருந்து செலுத்தப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் திறந்த மேல்தளப் பயணிகளாகவே வந்தனர். 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாற்றுகளுக்குக் கண்ணாடிக் கூரையும் உடன்வரத் தோட்டக்காரரும் இருந்தனர். எத்தனை பிழைத்தன என்ற கணக்கும் இருந்தது. அந்நாற்றுகளை நம்பிப் பின்னால் வந்த மனிதர்களுக்கு வெயிலும் கடற்காற்றும் படும் மேல்தளம்தான் கிடைத்தது. தோட்டத்தை அடைந்த பின்னும் மலேரியாக் காய்ச்சல் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றது. முதலாளியான டான் சே யானும் 1916இல் அதே காய்ச்சலுக்கே பலியானார்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அவ்வாறு தோட்டங்களில் வேரூன்றியவையே. இன்று பால்மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் உள்ளன. தோட்டங்களின் பெயர்களைப் பல இடங்களில் நம் பள்ளிகளே இன்னும் தாங்கி நிற்கின்றன.

செடிப்பெட்டிக்குள் உயிரினங்கள்

செடியை மட்டும் கொண்டிருந்த பெட்டி உயிரினங்களுக்கும் இல்லமானது எவ்வாறு? 1850இல் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர் மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் 1884இல் யோகான் ஃபான் ஃபிஷர் நிலத்தொட்டிகளைப் பற்றி, அவற்றில் செடி நடுவதையும் உயிரினங்களைக் குடியேற்றுவதையும் விளக்கும் பெருநூலை வெளியிட்டார்.

தேரையோ அதற்கு முன்பே மனிதரோடு பழகியிருந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு வீட்டுப் படிக்கட்டின் அடியில் வாழ்ந்த தேரை 36 ஆண்டுகளாக அவ்வீட்டார் அறிந்திருந்த விருந்தாளி என்று 18ஆம் நூற்றாண்டின் இயற்கை அறிஞர் தாமஸ் பென்னன்ட் பதிவு செய்துள்ளார். மாலையில் மேசைமேல் ஏற்றிப் புழு கொடுப்பார்களாம்!

வகுப்பறையில் அமைக்கும் முறை

1. இரு தேரைகளுக்கு 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் தொட்டி போதும். செடிக்கு மூடிய பெட்டி போதுமாயினும் தேரைக்குப் போதாது. எனவே கம்பி வலை மூடி இடுக.

2. மூன்றில் இரு பங்கு நிலம். ஒரு பங்கு நீர். நிலப்பகுதியின் அடியில் கூழாங்கல், அதன்மேல் வலைத்துணி, அதற்கும் மேல் உரம் கலவாத தென்னை நார்த்தூள் இடுக.

3. தேரை தவளையைப் போல் நீந்தித் திரிவதன்று. நீரின் ஆழம் 3 அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. ஏறி வரக் கற்சரிவு தேவை.

4. தேரை வாயால் நீர் பருகுவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. ஆதலால் குழாய்நீரைக் குளோரின் நீக்கி ஊற்றுக, அடிக்கடி மாற்றுக.

5. பறணி, பாசி, மணிபிளாண்ட் ஆகியவை நிழலிலும் ஈரத்திலும் செழிக்கும். பகலில் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த சிரட்டை ஒன்று வைக்கலாம்.

6. உயிருள்ள சிள்வண்டு போன்ற பூச்சிகளே அதன் உணவு. அசையாத இரையைத் தேரை பெரும்பாலும் பொருட்படுத்தாது.

7. தேரையின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பி நச்சுப்பாலைச் சுரக்கும். மாணவர்கள் அதைத் தொடாமல் பார்க்கட்டும். தொட்டியில் கையிட்டவர் சோப்பிட்டுக் கழுவுதல் கட்டாயம்.

திறந்து விடுமுன் எண்ணுக

இடம்பெயர்த்துக் கொண்டு செல்வதன் மறுபக்கத்தையும் மாணவர்க்குக் கூற வேண்டும். 1935இல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கரும்புத் தேரைகள் கொண்டுவரப்பட்டன. வண்டுகள் ஒழியவில்லை, தேரைகள் வடபுலம் எங்கும் பரவின. நம் வாசற்படியில் காணும் ஆசியத் தேரை 2014இல் மடகாஸ்கர் தீவில் கண்டறியப்பட்டது. அதன் நஞ்சுக்குப் பழக்கப்படாத அத்தீவின் விலங்குகளுக்கு அது பேராபத்து. தவளை, தேரை இனங்களைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் பரவியதில் விலங்கு வணிகத்திற்கும் பங்குண்டு.

ஆகவே கடையில் வாங்கிய தேரையை ஒருபோதும் வெளியில் விடலாகாது. பள்ளி வளாகத்தில் பிடித்ததை வேறு எதனோடும் சேர்த்து வைக்காமல், சில நாள் கவனித்துப் பிடித்த இடத்திலேயே விடுவது நன்று.

தொட்டியின் பின்சுவரில் ஓர் உலகப் படத்தை ஒட்டி வையுங்கள். அமேசானிலிருந்து இலண்டன், சிங்கப்பூர் வழியாகப் புக்கிட் லிந்தாங் வரை மாணவர்கள் பச்சைக்கோடு வரையட்டும். தத்தம் தாத்தா பாட்டியரிடம் கேட்டறிந்த ஊரிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக மலாக்கா வரை சிவப்புக்கோடு ஒன்றும் வரையட்டும். இரு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே காண்பார்கள்.