பட்டினி கிடந்த எலும்பு

சாப்பிட மறுத்து உடல் உருகிப்போகும் இளம்பெண்களின் நோயை 1873இல் பாரிஸில் லசேக் என்ற மருத்துவர் விவரித்தார். அடுத்த ஆண்டு லண்டனில் வில்லியம் கல் அதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வைத்தார். மாதவிலக்கு நின்றுபோவதையும் பதிவுசெய்தார். ஆனால் எலும்பும் சேர்ந்து கரைகிறது என்பது தெளிவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984இல் பாஸ்டனில் நான்சி ரிகோட்டியின் குழு 18 நோயாளிகளின் எலும்பு அடர்த்தியை அளந்தது. அவர்களின் எலும்பு நோயில்லாத பெண்களின் எலும்பைவிட மெலிந்திருந்தது. விளக்கம் தயாராகவே இருந்தது. வயதாகி மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்மானத்துக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவே காரணம் என்று அதே பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இலேயே எழுதியிருந்தார். இங்கும் மாதவிலக்கு இல்லை, ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆகவே ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கொடுத்தால் போதும் என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். பாட்டிக்குச் சொன்ன காரணத்தைப் பேத்திக்கும் பொருத்தியதுதான் பிழை என்பது என் கருத்து.

அந்த எண்ணத்தை 1995இல் ஆன் கிளிபான்ஸ்கியின் ஆய்வு சோதித்தது. 48 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்ததில், மொத்தத்தில் எலும்பு அடர்த்தியில் வேறுபாடு தெரியவில்லை. உரிய எடையில் 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கியவர்களுக்கு மட்டும் பலன் கிடைத்ததே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான்: அவர்களில் ஹார்மோன் பெற்றவர்களுக்கு அடர்த்தி 4 சதவீதம் கூடியது, பெறாதவர்களுக்கு 20 சதவீதம் குறைந்தது. ஆனால் அது ஒரு சிறு உட்பிரிவின் கணக்கு. எல்லா நோயாளிக்கும் மாத்திரை எழுதிக்கொடுக்க அது ஆதாரமாகாது. பட்டினியில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் குறைவதில்லை. எலும்பை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனும் சரிகிறது. எலும்பை அரிக்கும் கார்டிசோல் ஏறுகிறது. வாய்வழி மாத்திரை கல்லீரலைக் கடக்கும்போது ஐ.ஜி.எஃப்-1 உற்பத்தியை மேலும் அடக்குகிறது. 2002இல் கிரின்ஸ்பூன் குழு ஐ.ஜி.எஃப்-1 ஊசியையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் முதுகெலும்பின் அடர்த்தி நன்றாகக் கூடியது.

அப்படியானால் ஹார்மோனே வீண் என்பதா? இல்லை. 2011இல் மதுஸ்மிதா மிஸ்ரா குழு 12 முதல் 18 வயதுச் சிறுமிகளிடம் வேறு வழியில் முயன்றது. எலும்பு முதிர்ந்தவர்களுக்கு உடலில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ரடையாலைத் தோலில் ஒட்டும் பேட்ச் மூலமும், எலும்பு வளர்ச்சி முடியாதவர்களுக்கு மிகச் சிறிய அளவு செயற்கை ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவும் கொடுத்தார்கள். 18 மாதங்களில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி கூடியது. ஆனாலும் நோயில்லாத சிறுமிகளின் அளவை அது எட்டவில்லை. உண்டு எடை கூடுவதே அடிப்படைச் சிகிச்சை; ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும், அதுவரை எலும்பு காத்திருக்காது என்ற வாதம் நியாயமானது. எலும்பு சேரும் வயதே பதின்பருவம்தான். அதனால் பேட்ச் ஒரு துணையாக இருக்கட்டும். சோற்றின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. மாத்திரையின் பெரும் தீங்கு வேறொன்று: அது மாதாமாதம் ரத்தப்போக்கை வரவழைத்து, உடல் தேறிவிட்டது என்று நம்பவைக்கிறது. மாத்திரையால் வரும் அந்த ரத்தப்போக்கைப் பார்த்து, மகள் குணமாகிவிட்டாள் என்று எந்தப் பெற்றோரும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம்.