இராணுவத்துக்குள்ளே ஒரு கடை

விடுதிச் சமையல் கணக்குப் பார்த்த எங்களுக்கு இந்தச் சிக்கல் நல்லாத் தெரியும். சாப்பாட்டு விலை கூடினால் கொஞ்சப்பேர் வெளியில சாப்பிடப் போய்விடுவார்கள். சமையற்காரரின் சம்பளம் குறையாது. அது மிஞ்சினவர்களின் தலையில் விழும். விலை இன்னும் கூடும், இன்னும் கொஞ்சப்பேர் போவார்கள். அமெரிக்க இராணுவமும் இதிலேதான் மாட்டுப்பட்டது.

1949 ஓகஸ்டில் தேசியப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். படைகளுக்குள் சுழல்நிதிகளை அமைக்க அது வழிவிட்டது. பொருட்களை வாங்கி விற்க ஒருவகை நிதி, திருத்தும் பட்டறைகளையும் கப்பல் தளங்களையும் நடத்த இன்னொருவகை. தொடக்கத்தில் ஒரு முதல் போடப்படும். படையணிகள் தங்கட வருடாந்த ஒதுக்கீட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கும். அந்தக் காசில் நிதி திரும்பவும் கொள்வனவு செய்யும். நீண்டகாலத்தில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பதே இலக்கு.

சும்மா கிடைப்பதை யாரும் சிக்கனமாகப் பாவிப்பதில்லை. விலை போட்டால் யோசிப்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்த விலை சந்தையில் பிறப்பதில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்காக ஒரு வருடத்துக்கும் மேலாக முன்கூட்டியே கணிக்கப்பட்டு, வழமையாக வருடம் முழுதும் மாறாமல் இருக்கும். போன வருட நட்டம் வரும் விலையில் ஏறும், இலாபம் கழியும். அதாவது இன்றைய விலைக்குள் நேற்றைய பிழையும் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு பாகத்தைத் திருத்தப் பட்டறைக்கு 100 டொலர் செலவு. கட்டடம், நிர்வாகம் எண்டு 50 சேர்த்து 150க்கு விற்கிறது. படையணி தானே 120க்குத் திருத்தினால் அதுக்கு 30 மிச்சம். ஆனால் பட்டறையின் 50 எங்கும் போகவில்லை. அரசுக்கு மொத்தச் செலவு 170! அந்த 50ஐ இனி மற்றப் பொருட்களின் விலை சுமக்கவேணும்.

முழுச்செலவையும் வெளிப்படையாக்க 1991இல் ஒன்பது நிதிகளையும் வேறு ஐந்து செயற்பாடுகளையும் ஒரே பாதுகாப்பு வணிகச் செயற்பாட்டு நிதியாக்கினார்கள். விரைவிலேயே கையில் காசு முடைப்பட்டது. செய்யாத வேலைக்கும் படையணிகளிடம் முற்பணம் அறவிட்டார்கள். 1996 டிசம்பரில் அதைக் கலைத்து, தரைப்படை, கடற்படை, விமானப்படை, பாதுகாப்புத் திணைக்களப் பொது முகவரகங்கள் என நான்கு நிதிகளாக்கினார்கள். 2008இல் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டபோது, எரிபொருளின் 'மாறாத' விலையும் வருட நடுவிலேயே உயர்த்தப்பட்டது.

அப்படியெண்டால் இப்படியொரு நிதியின் 'இலாபம்' எதைக் காட்டுகிறது? அனேகமாகத் திறமையை இல்லை. படையணிகளிடம் கூடுதலாக அறவிட்டதை மட்டும் காட்டலாம். 'நட்டம்' விலையைக் குறைத்துக் கணித்ததாக இருக்கலாம். இரண்டு பைக்குள்ளும் இருப்பது ஒரே வரிப்பணம்தான். எந்த நாட்டு அரச நிறுவனமானாலும் இலாபக் கணக்குக் காட்டினால், அந்தக் காசு ஆரிடமிருந்து வந்தது எண்டுதான் நாங்கள் முதலில் கேட்கவேணும்.