ஆம்ப்ளிஃபயர் வாட்ஸும் ஸ்பீக்கர் பொருத்தமும்

ஆம்ப்ளிஃபயர் தரும் மின்திறன், ஸ்பீக்கரின் ஓம், அதன் உணர்திறன், தாங்கும் அளவு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே பொருத்தம். வாட்ஸ் இவற்றில் ஒன்று மட்டுமே. வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம், உதிரி பாகங்களைச் சேர்த்து மெக்கானிக்குகள் செய்துதரும் அசெம்பிள் செட். சென்னை ரிச்சி தெரு முதல் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊர்கள் வரை, ‘4440 போர்டு’ என்றால் ரேடியோ மெக்கானிக்குகளுக்கு விளக்கம் தேவைப்படாது. சான்யோ நிறுவனத்தின் எல்ஏ4440 ஐசி அது. 13.2 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஸ்டீரியோவாக இணைத்தால் பக்கத்துக்கு 6 வாட்ஸ். இரண்டு பக்கத்தையும் சேர்த்து பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 19 வாட்ஸ். இதே போர்டு உள்ள பெட்டியின் முகப்பில் நூற்றுக்கணக்கில் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) வாட்ஸ் அச்சிட்டிருப்பதுண்டு. பிஎம்பிஓவை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. நம்ப வேண்டியது தொடர்ச்சியாகத் தரும் திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் கணக்கை. அதற்கும் ஓர் எளிய சோதனை உண்டு. உள்ளே இருப்பது 12 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் பெருக்கினால் 60. அதற்கு மேல் ஒரு வாட் கூட அந்தப் பெட்டியிலிருந்து தொடர்ச்சியாக வராது. வெப்பமாகப் போவது போக, ஸ்பீக்கருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும். 20 வோல்ட் வெளியீடு 8 ஓமில் 50 வாட்ஸ், 2.5 ஆம்பியர், 4 ஓமில் 100 வாட்ஸ், 5 ஆம்பியர். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம், சீரிஸாகக் கொடுத்தால் 16 ஓம். பிரிட்ஜ் முறையில் ஒவ்வொரு பக்கமும் ஸ்பீக்கரின் பாதி ஓமையே சுமையாக உணர்கிறது. அதனால் 4440 பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிரிட்ஜில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரைப் பெட்டியின் எர்த்தில் தொடவிடுவதும் ஆகாது, ஐசி போய்விடக்கூடும். 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 6 ஓமை ஒட்டிக் காட்டும். அது பழுதல்ல.

சத்தத்தைத் தீர்மானிப்பதில் உணர்திறனுக்குப் பெரிய பங்குண்டு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளக்கும் சத்தமே உணர்திறன். வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 85 முதல் 90 டெசிபல். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுப்பதும், 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுப்பதும் ஒரே சத்தம். 10க்கு 12 அடி அறையில் பாட்டுக் கேட்க, பெரும்பாலான நேரம் சில வாட்ஸே செலவாகிறது.

சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. திறனுக்கு மேல் வால்யூமைத் திருப்பினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதில் பிறக்கும் கூடுதல் உயர் அதிர்வுகள் ட்வீட்டருக்குப் போய் அதன் மெல்லிய காயிலைச் சுட்டுவிடும்.

திருவிழாக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் வேறு இனம். வயர் நீளம் அதிகம் என்பதால் அங்கே 100 வோல்ட் லைன் பயன்படுகிறது: 100 வாட்ஸுக்கு 1 ஆம்பியர் போதும், அதே திறனுக்கு 8 ஓமில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் வேண்டும். லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வீட்டு ஸ்பீக்கரை அந்த லைனில் கொடுத்தால் எரிந்துவிடும்.

வாங்கும்போது மூடியைத் திறந்து ட்ரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். முகப்பில் இருக்கும் எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.