குடிசை காண வந்தவர்கள்

1884ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரச் செல்வர்களிடையே ஒரு புதுப் பழக்கம் பரவிற்று. நகரின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த சீமான்களும் சீமாட்டிகளும், சில வேளைகளில் காவலர் துணையோடு, கிழக்கே ஒயிட்சேப்பல் முதலிய ஏழையர் தெருக்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினர். இச்செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு தனி வினைச்சொல்லே பிறந்தது. அதே ஆண்டில் இப்பழக்கம் கடல் கடந்து நியூயார்க்கையும் எட்டியது. போனவர்களில் தருமம் செய்யப் போனவர் உண்டு. வேடிக்கை பார்க்கப் போனவர் உண்டு. ஒரே மனிதருக்குள் இவ்விரண்டும் கலந்திருந்ததே பெரும்பான்மை எனத் தோன்றுகிறது.

அதே கிழக்கு இலண்டனுக்கு வேறொருவரும் சென்றார். 1889இல் துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 81 வயதான கர்தினால் மேனிங் அவர்களிடையே சமரசம் பேசப் போனார். அத்தொழிலாளருள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர். பாப்லர் பகுதிப் பள்ளி ஒன்றில் அவர்களோடு நெடுநேரம் அமர்ந்து பேசினார். மணிக்கு ஆறு பென்னி என்னும் கோரிக்கை இறுதியில் நிறைவேறியது. அவர் 1892இல் இறந்தபோது தெருவெங்கும் திரண்ட கூட்டத்தை இலண்டன் நெடுநாள் மறக்கவில்லை. முன்னவர் சென்றதும் இவர் சென்றதும் ஒரே ஊர்தான்.

நூறாண்டு கழித்து, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் அப்பழைய பழக்கம் புது வடிவில், கட்டணத்தோடு, தலைதூக்கிற்று. 1992இல் அங்கு உலகச் சுற்றுச்சூழல் மாநாடு நடைபெற்றது. வந்திருந்த அயல்நாட்டார் சிலர் மலைச்சரிவில் அடுக்கடுக்காய்த் தெரிந்த ரோசின்யா குடியிருப்பைக் காண விரும்பினர். அவ்வாண்டிலேயே அதற்கெனச் சுற்றுலாக்கள் தொடங்கின. பின்னர், காட்டு விலங்குகளைக் காணச் செல்வோர் ஏறும் வகைத் திறந்த ஜீப்புகளும் ஓடலாயின. அங்கு வாழ்வோர் பலரைப் புண்படுத்தியது இந்த ஜீப்புதான். 'நாங்கள் என்ன, மிருகக்காட்சிச் சாலையா?' என்பது அவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி. ஆயினும் எல்லாரும் எதிர்த்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். 'எங்களைக் கொள்ளையர் என்று மட்டுமே நாளேடுகள் எழுதுகின்றன. வந்து பார்ப்பவராவது நாங்கள் உழைத்து உண்பவர் என்று அறியட்டும்' என்போரும் அங்கே ஏராளம். ஓவியம் வரைந்து விற்போர், கைவினைப் பொருள் செய்வோர் ஆகியோர்க்குச் சிறு வருமானமும் கிடைத்தது. பெருந்தொகையோ வெளியாரின் நிறுவனங்களுக்கே போகிறது என்னும் மனக்குறையும் கூடவே இருந்தது. ஆகவே சாந்தா மார்த்தா என்னும் குடியிருப்பில், 2010இல் அரசு தொடங்கிய திட்டம் ஒன்றின் வழியாக, ஊர் இளைஞர்களே வழிகாட்டிகளாயினர்.

ரோசின்யாவிலிருந்து தொலைவிலில்லாத விடிகால் குன்றுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1977இல் அக்குடியிருப்பை அப்புறப்படுத்த அரசு முயன்றது. மக்கள் எதிர்த்து நின்றனர். தலத்திருச்சபையின் பணிக்குழுவும் வழக்கறிஞர்களும் துணை நின்றனர். 1980 ஜூலை 2 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அக்குன்றில் ஏறினார். மக்கள் எழுப்பிய சிற்றாலயத்தை ஆசீர்வதித்தார். தம் கைக்கணையாழியைக் கழற்றி அம்மக்களுக்கே கொடுத்துவிட்டார். அவரும் சிறிது நேரமே தங்கினார். நிழற்படக் கருவிகளும் சூழ்ந்தே நின்றன. அப்படியிருந்தும் அவ்வருகையைக் காட்சியென்று அம்மக்கள் சொல்லவில்லை. தங்கள் வீடுகள் இனி இடிக்கப்படமாட்டா என்பதற்கு அதை ஓர் உறுதியாகக் கொண்டனர். 2012க்குப் பின் அதே குன்றில் விடுதிகளும் மதுக்கூடங்களும் பெருகி, வீட்டு வாடகை ஏறியதும் வரலாறே.

நைரோபியின் கிபேராவில் வளர்ந்த கென்னடி ஒடேடே 2010இல் ஓர் அமெரிக்க நாளேட்டில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தைக் கூர்மையாக்கிற்று. பதினாறு வயதில், பசியோடு, வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைப் படமெடுத்தார். இவர் வாய் திறக்குமுன் அவர் நகர்ந்து போய்விட்டார். கூண்டுப் புலிபோல் தாம் உணர்ந்ததாக அவர் சொல்கிறார்.

நம்மவர்க்கு நெருங்கியது மும்பையின் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினர் தோல் பதனிடும் தொழிலோடு அங்கு குடியேறினர். இன்றும் தமிழ் ஒலிக்கும் தெருக்கள் அங்கே உண்டு. 2006 முதல் அங்கு நடைபெறும் சுற்றுலா ஒன்றில் படமெடுக்கத் தடை உண்டு. ஆதாயத்தின் பெரும்பங்கு கல்விப் பணிக்குச் செல்கிறது. இது நல்ல ஏற்பாடே. எனினும் குடியிருப்போர் பலர் இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. மட்பாண்டமும் தோற்பையும் செய்யும் கைகளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

நமது பங்குகளிலிருந்தும் இளையோர் 'களப்பயணம்' என்று குடிசைப் பகுதிகளுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். நானும் ஒருமுறை சென்றேன். வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தோம்; கேள்விகள் கேட்டோம்; குழுப்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மூதாட்டி, 'தேநீர் போடட்டுமா?' என்றார். நேரமில்லை என்று வந்துவிட்டோம்.

2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டுக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார், மாடியில் குடியிருப்பவர் யார் என்று பிரிக்கிறார்கள். அதைப் பொறுத்தே அங்கேயே வீடு கிடைப்பதும், வேறிடம் போக நேர்வதும். வருகையாளர்கள் கேட்பதெல்லாம் 'இங்கே எப்படி வாழ்கிறீர்கள்?' என்பது. வாழ்வோர் கேட்பதோ, 'நாங்கள் இங்கேயே இருப்போமா?' என்பது.