தாழிக்குள் பொன், வீட்டுக்குள் மண்கலம்



விருத்தாசலம் மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊர். இங்கிருந்து பொம்மையும் கார்த்திகை அகலும் ஊர் ஊராகப் போகின்றன. மணிமுத்தாற்றங்கரையில் இறந்தோருக்குக் கடன் கழிக்கும் ஊரும் இதுதான். இறந்தவரை நினைக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியை இங்கே எழுப்புவது பொருந்தும் என்று கருதுகிறோம்.

1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி, 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பு உடுத்தினார். இறந்தவரின் தலைமுடி வைத்த லாக்கெட், கறுப்பு ஜெட் மணிமாலை என்று துக்க நகைகள் இங்கிலாந்தில் பரவின. அங்கே துக்கம் நகையைப் பூட்டியது. இங்கே தாலியை அறுத்து, வளையலை உடைத்தது.

இதைவிடப் பழைய வழக்கம் ஒன்று நம் நிலத்தில் உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. எல்லாத் தாழியிலும் பொன் இல்லை. ஏற்றத்தாழ்வு அன்றும் இருந்தது. ஆனால் மண்கலம் இழிவின் அடையாளமாக இல்லை. பொன் பூண்டவரையும் மண்தாழியில்தான் வைத்தார்கள்.

மண்ணையும் பொன்னையும் பிரித்து, மண்ணை இழிவாக்கியது சாதி. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. வீட்டில் மண்கலம் தவிர வேறு கலம் இருக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. ஜே. எச். ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார்.

நகை அணியத் தடை என்றால், பேத்திக்கு விட்டுச்செல்லப் பாட்டியிடம் கம்மல் இல்லை என்று பொருள். தொட்டு நினைக்க ஒரு பொருளும் மிஞ்சவில்லை. நம்மிடம் இருந்தவை ஒப்பாரியும், தோளில் சுமந்து துளையிட்டு உடைத்த கொள்ளிக்குடமும்தான். ஒப்பாரியைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. குடத்தின் ஓட்டை யாரும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை.

இது பழங்கதை அல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. தாழியில் பொன் வைத்த நிலத்தில் பிணத்துக்கு வழி கேட்டு நிற்கிறோம்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பாட்டன் பாட்டி பெயர்களை எழுதுங்கள். எங்கே புதைத்தார்கள், எந்த வழியாகத் தூக்கிப் போனார்கள், எந்தத் தெரு மறிக்கப்பட்டது என்று எழுதுங்கள். வீட்டுக் கிழவிகள் பாடும் ஒப்பாரியைப் பதிவு செய்யுங்கள். நகை இல்லாத நம் வீடுகளுக்கு அதுவே பரம்பரைச் சொத்து. பொதுச் சுடுகாடும் பொதுப் பாதையும் கேட்கும்போது அதுவே சாட்சி.